திரையை மட்டும் அணைத்துவிட்டு

நான் பூட்டிய ஃபைலுக்கு ஒரு பெண்ணைப் பலி கொடுத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகம் என் பொறுப்பில் இருந்தது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரே டேட்டாபேஸ் ஃபைலில். எல்லாக் கணினிகளுக்கும் அது பொது. ஒருவர் அதைத் தனக்கு மட்டும் என்று திறந்துவிட்டால் மற்றவர்களுக்குத் திறக்காது, பூட்டிக்கொள்ளும். வண்டிகளை உள்ளே விடும் கேட் பாஸ் அடிக்க முடியாது. சாப்பிடப் போகும்போது திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கணினி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்று ஏதோ திருத்தத்துக்காக ஃபைலை அப்படித் திறந்தேன். திரையை அணைத்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பியபோது எண்ணூர் சாலை வரை டிரெய்லர்கள் நின்றன.

"யோவ், இன்னா ஆபீஸ் நட்த்துறீங்கோ? கப்பலு பூடும்யா!" டிரைவர்கள் ஜன்னலை அறைந்தார்கள்.

பூட்டியது யார் என்று கண்டுபிடிக்கும் வழி எனக்கு மட்டுமே தெரியும். பார்த்தேன். என் கணினியின் பெயர் இருந்தது.

முதலாளி காத்திருந்தார். காத்திவாக்கம் மீனவர் குப்பத்திலிருந்து ஒப்பந்த வேலைக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணைக் காட்டினேன்.

"சார், நான் தொறக்கவே இல்ல சார். தொறக்கலியேன்னுதான் உக்காந்துகினு கீறேன்."

"மீன் கழுவுற கைய மெஷின்ல வெச்சா இப்படித்தான்" என்றேன்.

டிரைவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இதமாக இருந்தது. அறைக்குள் போய் ஃபைலை மூடினேன். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டிரைவர்கள் எல்லா யார்டுக்கும் போகிறவர்கள், செய்தியும் போனது. அந்தச் சாலையில் வெகுநாள் அவளுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்றபின், மீஞ்சூர்ப் பக்கம் ஒரு யார்டில் அவள் இருப்பதாக அறிந்து போனேன். பலர் முன்னால் செய்த தவறைப் பலர் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட் ஜன்னலருகே நின்று, டிரைவர்கள் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன்.

"வண்டிங்கள நிக்க வெச்சுது இந்தம்மாவா?" என்றான் ஒருவன்.

"இல்லப்பா, நான்."

"பெர்சு, நீ சும்மா இரு. யம்மா, இங்கியும் பூட்டிராத!"

சிரிப்பு கிளம்பியது. அவள் வெளியே வந்தாள்.

"இங்க யாருக்கும் தெரியாது சார். நிம்மதியா இருந்துகினு இருந்தேன். உன்ன யாரு கூப்ட்டா?"

சில வாரம் கழித்து மறுபடி போனேன். ஜன்னலில் வேறொருவர் இருந்தார். யாரோ ஒரு பெரியவர் வந்து அவள்மேல் ஏதோ புகார் சொன்னாராம், நிறுத்திவிட்டார்களாம்.