கடல் பக்கத்துக் களை

எங்க எஸ்டேட்டு மண்ணு பூராவும் கடல்கிட்டேருந்து பிடுங்கினது. வெள்ளைக்காரன் காலத்துல சதுப்பைச் சுத்தி மண்கரை போட்டு, தண்ணிய வடிச்சு, தென்னை வச்சாங்க. அந்தக் கரையைப் பண்டுன்னு சொல்லுவோம். பண்டுல ஒரு மதகு, வாட்டர் கேட்டு. கடல் ஏறினா மூடணும், இறங்கினா திறக்கணும். அந்த வேலை என் அண்ணனுக்கு. கேட்டுப் பக்கத்துலயே பலகை வீடு, அண்ணி, மூணு பிள்ளைங்க. வேலை போனா வீடும் போச்சு, அவ்வளவுதான்.

நான் களை வெட்டுற பொம்பளைங்களுக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி. என் கூட்டம் போன எடத்துல ஒரு புல்லு நிக்காது. அந்தத் திமிரு எனக்கு நெறையவே இருந்துச்சு.

தெலுக் இந்தானுக்கு அப்ப தெலுக் ஆன்சன்னு பேரு. அங்கேருந்து ஒரு மலாய்க்கார ஆபிசர் பண்டைப் பாக்க வந்தாரு. கடல் பக்கச் சேத்துல மொளச்சிருந்த பாக்காவ், அதான் அலையாத்திக் கன்னுங்களைக் காட்டி, "காக்"ன்னு அக்கா மொறையில கூப்பிட்டு, "இத வெட்டாதீங்க. அலை மொதல்ல இதுமேலதான் மோதணும், பண்டு மேல இல்ல"ன்னு மலாய்ல சொன்னாரு. பக்கத்துல வேற யாரும் இல்ல. "சரி துவான்"னேன். எது களைன்னு எனக்கே பாடம் எடுக்க வந்துட்டாரு பாருன்னு உள்ளுக்குள்ள எரிச்சல்.

அடுத்த மாசம் ஈப்போவிலேருந்து பெரிய தொரை வர்றாருன்னு சேதி. அந்தக் கன்னுங்க என் கண்ணுக்குப் பரட்டைத் தலையாத் தெரிஞ்சுச்சு. "வெட்டுங்கடி"ன்னேன். ஒரே காலையில மொட்டை. பெரிய தொரை பாத்துட்டு "பாகுஸ்", ரொம்ப நல்லாருக்குன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. அண்ணன்கூட, "சுத்தமா இருக்கு தங்கச்சி"ன்னாரு. அவரு என்ன கண்டாரு, எல்லாருக்கும் அது களைதான்.

வருசக் கடைசியில பெரிய பசாங், கடல் ஏத்தம் வந்துச்சு. கடல் அப்படி ஏறினத நான் பாத்ததே இல்ல, கூடவே பேய்க்காத்து. பட்டப்பகல்ல பண்டுக்கு ஓடினேன். அண்ணன் நேரத்தோட கேட்ட மூடிட்டு, சங்கிலிய இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டிருந்தாரு. கேட்டுக்கு நாலு எட்டு தள்ளி, நாங்க மொட்டையடிச்ச எடத்துல, அலை மண்ணக் கடிச்சுக் கடிச்சுத் தின்னுச்சு. கோணிப்பையில மண்ணள்ளிப் போட்டோம். போடப் போட இழுத்துக்கிட்டுப் போச்சு. "ஐயோ சாமி, இன்னும் அரைமணி நேரம் தாங்கிடு"ன்னு கத்தினேன். தாங்கல. உப்புத்தண்ணி தென்னைக்குள்ள புகுந்து, அண்ணன் வீட்டுல முழங்கால் அளவு நின்னுச்சு.

மறுநாள் எஸ்டேட்டு தொரை வந்து, கேட்டுப் பக்கத்து ஓட்டையப் பாத்தாரு. "கேட்ட லேட்டா மூடியிருக்கே."

"இல்லைங்க தொரை, நேரத்துக்கு மூடினேன்."

"அப்ப பண்டு எப்படி ஒடஞ்சுச்சு?"

அண்ணன் ஒடஞ்ச எடத்தைத் திரும்பிப் பாத்தாரு. பண்டு ஒடையறதுக்கு முன்னாடியே கேட்டு மூடிக் கெடந்தத நான் என் கண்ணால பாத்தேன். அதைச் சொன்னா அடுத்த கேள்வி எங்க வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும். மூச்சு விடல நான். அந்த வாரமே வேலை போயி, அண்ணன் சட்டி பானையத் தூக்கிக்கிட்டுப் பத்து காஜாங்குற ஊருக்குப் போயிட்டாரு.

பண்டை மறுபடி கட்டினாங்க. அதே ஆபிசர் வந்து, கடல் பக்கம் அகலமா எடம் விட்டு பாக்காவ் நடச் சொன்னாரு. என் கூட்டம்தான் இடுப்பளவு சேத்துல எறங்கி நட்டுச்சு. அவரு என்னை ஒன்னும் கேக்கல. நானும் தலைய நிமிர்த்தல.

ரெண்டு வருசம் கழிச்சு தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்க ஒரு சீனன் பலகைக் கம்பெனியில மூட்டை தூக்கிக்கிட்டிருந்தாரு. ஆளு பாதியா எளச்சுப் போயிருந்தாரு. சாயந்தரம் பஸ்ஸேத்த வந்தவரு, "தங்கச்சி, நீதான் அன்னிக்கு இருந்தேல்ல. எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்குலா. கேட்ட நான் நேரத்துக்குத்தான் மூடினேனா?"ன்னு கேட்டாரு.

"மூடினீங்கண்ணே."

"அப்புறம் ஏன் ஒடஞ்சுச்சு?"

பஸ் வரக் கால் மணி நேரம் ஆச்சு. அது வரைக்கும் நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்.