காக்கா கடி

அக்கா கடலை மிட்டாயைப் பாவாடை நுனியில் பொதிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைவாயில் கொடுத்துக் கடிப்பாள். துணிக்குள் டக்கென்று உடையும் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. துணி இருப்பதால் எச்சில் படாது என்பது கணக்கு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான், காக்கா கடி என்பார்கள். தெருப் பிள்ளைகள் கையை நீட்டி வாங்கித் தின்பார்கள். நான் மட்டும் வாங்க மாட்டேன். அவள் வாயிலிருந்து எடுத்ததும் துணியில் காலணா அளவுக்கு ஒரு ஈரம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். துணி நனைந்தால் எச்சில் உள்ளே போயிருக்கும். "நனைஞ்சிருக்கு, நனைஞ்சிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்துவேன். அக்கா முதுகில் ஒரு அடி வைப்பாள். பிறகு எனக்கென்று ஒரு மிட்டாயை வாசற்கல்லில் வைத்துக் கல்லால் தட்டுவாள். கால்வாசி தூளாகப் போய்விடும். போனாலும் எனக்கு அதுதான் வேண்டும்.

அவள் எனக்கு ஆறு வயது மூத்தவள். நான் பிறந்ததும் அம்மாவுக்கு விடாத காய்ச்சல், பால் இல்லை. எங்கள் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரியிடமிருந்து ஆட்டுப்பால் வாங்கிக் காய்ச்சிச் சங்கில் புகட்டினார்களாம். அதனால்தானோ என்னவோ, நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். வளர்ந்து கோவில்பட்டியில் நூற்பாலையில் தரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் மாதிரி நூல் வரும். முறுக்கு எத்தனை, எடை எத்தனை என்று பார்த்து எழுத வேண்டும். எண்ணுவதும் சந்தேகப்படுவதும் சுபாவமாக உள்ளவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது.

அக்கா வேறு மாதிரி. கணவர் போன பிறகு தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டக் கொஞ்ச காலம் போனாள். முட்டி வலி வந்ததும் வீட்டோடு இருந்து, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அவள் இருந்த வளவில் பத்து வீடு. ஒரே கும்பாவில் சோற்றைப் பிசைந்து, தன் வாயில் ஒரு வாய் போட்டு உப்புக் காரம் பார்த்து, அதே கையால் வரிசையாக ஊட்டுவாள். பிள்ளை பாதி தின்று துப்பியதைத் தான் தின்பாள். நான் போனால் அந்த நேரத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அக்கா யாரையும் கேட்கவில்லை. "எனக்கு ரெண்டு கெடக்குல்லா, ஒண்ண எடுத்துக்கிடச் சொல்லு" என்றாள், அரிசி கடன் கொடுப்பதுபோல. மதுரையில் இருவருக்கும் எத்தனையோ சோதனை செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. ஒன்றை மட்டும் டாக்டர் இரண்டு முறை பார்த்தார். சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ். சின்னம்மை, அக்கி கொடுக்கிற வைரஸுக்கு உறவுக்காரன். நம் நாட்டில் பெரியவர்களில் அது இல்லாத ஆள் அபூர்வம், தாய்ப்பாலிலோ எச்சிலிலோ சின்ன வயதிலேயே வந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது, சாகும்வரை உள்ளே படுத்திருக்கும் என்றார். அக்கா ரத்தத்தில் அது வந்து போன அடையாளம் இருந்தது. என் ரத்தத்தில் இல்லை. "இது எப்படி உங்களுக்கு வராமப் போச்சு?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவளிடமிருந்து உங்களுக்கு வரலாம், வந்தால் மருந்து இருக்கிறது, கவனமாகப் பார்ப்போம் என்றும் சொல்லித்தான் தொடங்கினார். அதைக் கேட்டவன் நான் மட்டும்.

அக்காவின் சிறுநீரகம் என் வயிற்றில் வைத்த அன்றே வேலை செய்தது. நாலு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. வெள்ளணுக்கள் குறைந்துகொண்டே போயின. வலது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. முதல் நாள் எண்ண முடிந்தது. பிறகு எண்ண முடியவில்லை. பிறகு ஓரத்திலிருந்து திரை இழுத்ததுபோல் மூடிக்கொண்டது.

டாக்டர் என் வேலையைத் தெரிந்து வைத்திருந்தார். அதை வைத்தே விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு அணுவும் தனக்குள் என்ன தயாராகிறது என்று ஒரு மாதிரியை எடுத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். காவல் அணுக்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும். வைரஸின் துண்டு தெரிந்தால் அந்த அணுவையே கொன்றுவிடும். இந்த வைரஸ் உள்ளே நுழைந்ததும் அந்த மாதிரியை வெளியே போகவிடாமல் வழியிலேயே பிடித்து அழித்துவிடுகிறது. அப்படியானால் மாதிரி வராத இயந்திரத்தை நாங்கள் நிறுத்திவிடுவோமே என்றேன். "உடம்பிலும் அதுக்கு வேற காவல் இருக்கு. ஒண்ணுமே காட்டாத அணுவைத் தேடிப்பிடிச்சுக் கொல்லும். அதுக்கும் இது ஒரு வழி வச்சிருக்கு. நல்ல மாதிரி போலவே ஒரு போலியைச் செஞ்சு வாசல்ல மாட்டிடும்" என்றார். காவல் பலமாக இருக்கும்வரை அடங்கித் தூங்கும். அக்காவின் சிறுநீரகத்தை என் உடம்பு துரத்தாமல் இருக்க என் காவலை மாத்திரை கொடுத்துத் தளர்த்தியிருந்தார்கள். அது எழுந்துவிட்டது. முப்பது வருடம் மாதிரிகளை நம்பியே சம்பளம் வாங்கியவன் நான். கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் கையால் கொடுப்பதை நிறுத்திவிடுவாள். அதை நிறுத்தினால் அவளிடம் வேறு எதுவும் இல்லை. நரம்பு வழியாக வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் பிழைத்தது. கண் பிழைக்கவில்லை. தண்ணீரில் வந்த கிருமி என்று அக்காவிடம் சொன்னேன். "நீ காய்ச்சாத தண்ணியக் குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

அடுத்த வருடம் அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் பரிசோதனை. அவள் தனியாக டாக்டர் அறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். திரும்பும் பேருந்து சாத்தூரைத் தாண்டியது. வெளியே பருத்தி எடுத்து முடிந்த காடு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"ஏலே, ஒங் கண்ணு எங்கிட்ட இருந்து வந்ததுலதான் போச்சாமே?"

ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். ஐந்து. "யாரு சொன்னா?"

"டாக்டருதான். மொதல்ல மழுப்புனாவ. எங் கிட்னிக்கு எனக்குச் சொல்ல மாட்டீயளான்னு கேட்டேன். சொல்லிட்டாவ."

"அது எல்லாருக்கும் இருக்கதுதான்க்கா."

"எல்லாருக்கும் இருக்குன்னா ஒனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"நான் குடிச்சது ஆட்டுப்பாலுல்லா."

அக்கா சிரித்துவிட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "ஆட்டுக்குட்டிப் பயலே, அதான் எதக் குடுத்தாலும் மோந்து மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்புனியோ?" என்று என் தோளில் அடித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அன்னைக்கே பாதி முட்டாய வாங்கித் தின்னுருந்தா, சின்னதுல வந்துட்டுப் போயிருக்கும். இப்ப இம்புட்டுப் படுத்தியிருக்காது. அப்படித்தான?"

"அப்படித்தான் சொல்லுதாவ."

கோவில்பட்டி வரும்வரை தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தாள்.

நான் பயந்தது நடந்தது. மறுநாளிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தம்ளரைப் பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டினாள். கரண்டியால் சோற்றைப் போட்டுவிட்டு எட்டி உட்கார்ந்துகொண்டாள். பெரிய பிள்ளைகள் தின்றார்கள். அடுத்த வீட்டில் ஒன்றரை வயதுக் குட்டி ஒன்று, அக்கா கையைத் தவிர எதிலும் வாய் திறக்காது. அது தட்டின் முன்னால் உட்கார்ந்து அக்காவின் கையையே பார்க்கும். மெலிந்துபோனது. அதன் தாய் ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டுவிட்டாள்: "நாங்க என்ன தப்புப் பண்ணுனோம் பெரியம்மா? புள்ளையத் தொட மாட்டேங்கீய?" அக்கா கரண்டியைக் கழுவப் போனாள்.

அந்தக் குட்டிக்கு அது ஏற்கெனவே வந்திருக்கும், உன்னிடமிருந்து இல்லாவிட்டால் பெற்றவளிடமிருந்து, எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஒன்றும் செய்யாது, டாக்டரே சொன்னார் என்று நான் ஞாயிறுதோறும் போய்ச் சொன்னேன். "தெரியாமச் செஞ்சது வேற. தெரிஞ்சே எப்படிலே செய்ய?" என்பாள். என் விளக்கம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிறு கடலை மிட்டாய் பொட்டலம் வாங்கிப் போனேன். அவள் பழக்கத்தில் எனக்காகக் கல்லைத் தேடினாள். கல் வேண்டாம் என்றேன்.

"காக்கா கடி கடிச்சுக் குடு."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒனக்கு வெளிச் சாமானே ஆகாதுன்னுருக்காவ."

"எங்கிட்ட இருக்கது ஒன்னோடதுதான். அதுவேதான். புதுசா என்ன வரப்போகுது?"

வெகுநேரம் என் கெட்ட கண்ணைப் பார்த்தாள். பிறகு சேலை நுனியில் மிட்டாயைப் பொதிந்தாள். பல் பாதி போய்விட்டதால் மூன்று முறை கடிக்க வேண்டியிருந்தது. பாதியை வாங்கி வாயில் போட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவை. ஏதோ தோன்றும் என்று எதிர்பார்த்தேன். வெல்லமும் துணி சோப்பும் தெரிந்தன, அவ்வளவுதான். வாசலில் அந்தக் குட்டி வந்து நின்று கையை நீட்டியது. அக்கா என்னைப் பார்த்தாள். மீதியைத் திரும்பப் பொதிந்து கடித்து, ஒரு சின்னத் துண்டை அதன் வாயில் வைத்தாள். வைத்துவிட்டு, "துணி இருக்குல்லா?" என்று என்னிடம் கேட்டாள். துணியில் ஈரம் பெரிதாகவே படர்ந்திருந்தது. நான் பார்த்தேன். "இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு மிட்டாயோ முறுக்கோ துணி வைத்துக் கடித்துக் கொடுத்தாள். சோற்றையும் திரும்ப ஊட்டினாள். ஆனால் உப்புப் பார்க்க மாட்டாள். அவள் சோற்றில் சில நாள் உப்பு இருக்காது, சில நாள் கரிக்கும். குட்டி எல்லாவற்றையும் தின்றது.

அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. மாரடைப்பு, ஒரு மத்தியானம். அழுகை வருமா என்று நானும் பார்த்தேன். மாத்திரை நேரம் வந்தது, விழுங்கினேன். காலையிலும் மாலையிலும் விழுங்குகிறேன், அவள் கொடுத்ததை என் உடம்பு அடையாளம் கண்டுவிடாமல் இருக்க. நிறுத்தினால் உடம்பு அதைக் கொன்றுவிடும். அவள் கொடுக்க நினைக்காமலே வந்த அந்த வைரஸுக்கு ஒரு மாத்திரையும் வேண்டாம். அதற்குப் பிழைத்துக்கொள்ளத் தெரியும். அவளுடையது என்று உயிரோடு மிஞ்சியிருப்பவை இந்த இரண்டும்தான். ஒன்றை நான் காப்பாற்றுகிறேன். மற்றொன்று தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது.

நேற்று ஒரு கடலை மிட்டாய் வாங்கி, வேட்டி நுனியில் பொதிந்து கடித்தேன். மற்றப் பாதியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. துணியைப் பிரித்துப் பார்த்தேன். காலணா அளவு ஈரம். எச்சிலில் அது எப்போதாவது வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எண்ணிப் பார்க்க வழியில்லை. காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.