வடக்கு வாசல் செருப்புகள்

எங்கள் அலுவலகத்துக்கு வருடம் தவறாமல் யாராவது ஒருவர் வந்து தலைமைப் பண்பு பற்றிப் பாடம் நடத்துகிறார். உலகத்தை மாற்றியவர்களின் படங்களைத் திரையில் காட்டி, அவர்களைப் போல யோசித்தால் நாமும் உயர்ந்துவிடலாம் என்கிறார். மதியச் சாப்பாடு இலவசம் என்பதால் நாங்களும் தலையாட்டுகிறோம். எனக்கு இதெல்லாம் அலுத்து வெகுகாலமாகிறது. ஒன்பது வயதிலேயே எங்கள் மாமாவிடம் முழுப்பாடமும் கேட்டு முடித்தவள் நான்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டோடு இருந்தார். முப்பது தாண்டியும் வேலை அமையவில்லை. நூலகத்தில் விஞ்ஞானிகள், தொழிலதிபர்கள் கதைகளைப் படித்துவிட்டு வந்து, சோற்றில் கை வைத்தபடி எங்களுக்குப் போதிப்பார்.

"பல்பு கண்டுபுடிச்சவரு எத்தினி வாட்டி தோத்தாரு தெரியுமாக்கா?"

"நீ அவர தாண்டிட்டடா. சாப்புடு," என்பாள் அம்மா.

எல்லோருக்கும் இருக்கிற கஷ்டத்தைப் பார், யாரும் யோசிக்காத வழியை யோசி என்பதுதான் மாமாவின் மந்திரம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகைக்கு அவருக்கு அந்த வழி கிடைத்தது. தீபத்துக்கு வருகிறவர்கள் கிழக்கே ராஜகோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவார்கள். கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ்காரர்கள் அவர்களை வடக்கே அம்மணி அம்மன் கோபுரம் வழியாக வெளியே தள்ளுவார்கள். வெறுங்காலோடு அந்த நெரிசலில் சுற்றி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கிழக்கில் செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பது, சாக்கில் கட்டித் தள்ளுவண்டியில் வடக்கு வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தருவது என்று மாமா முடிவு செய்தார். இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் கீழ்பென்னாத்தூரில் அவருக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் மாமா பல்புக்காரரைக்கூட மறந்துவிடுவார். பெண்ணின் அப்பா வேர்க்கடலை பயிரிடுகிறவர், நிதானமான மனிதர். "தீபத்துக்கு வரேன். தம்பி தொழில கண்ணால பாத்துட்டு முடிவு சொல்றேன்," என்று சொல்லியிருந்தார். இதுவும் கைநழுவினால் இனி யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை.

தீபத்தன்று அவர் வந்தார். காலில், நடக்கும்போதே கரகரவென்று சத்தம் போடும் புதுத் தோல் செருப்பு. "குடுங்க மாமா," என்று அதை இரண்டு கையாலும் வாங்கி, முதல் டோக்கனை அவருக்கே கொடுத்தார் மாமா. முறை வைத்துக் கூப்பிட அதற்குள் பழகியிருந்தார். சாக்குகள் நிரம்பின. வண்டி வடக்கு வாசலுக்குப் போய் நின்றது.

அந்த வருடம் பார்த்து, என்ன காரணமோ, போலீஸ்காரர்கள் வடக்கு வாசலை மூடிவிட்டுத் தெற்குப் பக்கமாக ஆட்களை வெளியே விட்டார்கள். அந்த ஜனக்கடலில் வண்டியை ஓர் அடி நகர்த்த முடியவில்லை. பாடுபட்டு ஒருவழியாகத் தெற்கே போனபோது செருப்புக்குச் சொந்தக்காரர்களைக் காணோம். அவர்கள் சண்டைக்குக்கூட வரவில்லை. கோயிலில் செருப்புத் தொலைந்தால் பிடித்த பீடை அதோடு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நல்லதுதான் என்று டோக்கனைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சந்தோஷமாகப் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். பெரிய ஆட்களின் கதைகளில் இதற்கு ஒரு வழியும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எங்கள் வாசலில் சாக்குகள் கிடந்தன. அம்மா உள்ளே கொண்டுவர விடவில்லை. "ஊரு பீடைய எல்லாம் வாரிக்கினு வந்துட்டியேடா," என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பெண்ணின் அப்பா சொல்லிக்கொண்டு போக வந்தார், வெறுங்காலோடு. மாமா ஓடிப்போய் அவருடைய செருப்பைத் தேடி எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, அவர் காலடியில் வைத்தார். அவர் செருப்பைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார், வீட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"வேணாம் தம்பி. கோயில்ல உட்டது உட்டதாவே இருக்கட்டும். பீடை போச்சுன்னு நெனச்சிக்கிறேன்," என்றார். குரலில் கோபமே இல்லை. அம்மா கொடுத்த காப்பியையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெறுங்காலோடு நடந்தார்.

நான் அசந்துபோனேன். அவ்வளவு விலையுள்ள புதுச் செருப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல் போகிறாரே. "ரொம்ப நல்லவரு இல்ல மாமா?" என்று கேட்டேன். செருப்புக்கு முன்னால் குந்தியிருந்த மாமா எழுந்திருக்கவில்லை. கல்யாணம் எப்போது என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியவர்களுக்கு எதற்குத்தான் சந்தோஷப்படத் தெரியும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாமாவுக்கு வரப்போகிற மாமனார் எப்பேர்ப்பட்ட மனசுக்காரர் என்று அன்றைக்குத் தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.