காய் வெந்த தண்ணீர்

அத்தைக்குக் கல்யாணம் என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். எதிர்வீட்டு அக்கா நிச்சயமானதும் சோற்றைக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் அப்பாவின் தங்கையான என் அத்தையும் அதே மாதிரி குறைத்தாள். விடிவதற்குள் எழுந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மதுரை டாக்டர் சொன்ன எடைக்கு வந்தால்தான் காரியம் நடக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். சரி, மாப்பிள்ளை டாக்டர் போலிருக்கிறது, ஒல்லியான பெண் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியம் வேறு. அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க அத்தை முன்வந்திருந்தாள். பொருத்தமெல்லாம் சரியாக இருந்தது, இடித்தது அவள் எடை மட்டும்தான். அப்பாவோ கல்யாணம் ஆகாத தங்கையின் உடம்பில் கத்தி படக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நாலாம் வகுப்பில் இருந்த என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டயாலிசிஸுக்காக அப்பா மதுரைக்குப் போன நாட்களில் ஆபீஸ் வேலை என்றார்கள், நானும் நம்பினேன்.

அத்தையோடு மைதானத்தில் நடக்கிறவர்கள், சிறுமலை அடிவாரத்தில் ஒருவருடைய தென்னந்தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குவது என்று கிளம்பினார்கள். செலவும் குறைய வேண்டும், உடம்பும் குறைய வேண்டும் என்பது ஏற்பாடு. சமையல் பொறுப்பு அத்தையுடையது. சீரகச் சம்பா பிரியாணிக்குப் பேர்போன கை அது. அந்தக் கை கொள்ளு ரசமும் சாமைச் சோறும் சுரைக்காய்க் கூட்டும் ஆக்கப்போகிறது என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் ஊரில் நாலு குடும்பம் சேர்ந்து வெளியே போகிறதென்றால் அண்டாவில் பிரியாணி வேக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கலாம். அப்பாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று, அவர் மதுரை போய் வந்த மறுநாள் அத்தை எங்களையும் கூட்டிக்கொண்டாள்.

எடை பார்க்கும் மிஷினும் எங்களோடு வந்தது. மணலில் வைத்தால் ஓர் எடை, கல்லில் வைத்தால் ஓர் எடை. கூட வந்த மாமா ஒருவர், முள் ஆகக் குறைவாகக் காட்டும் மணல் மேட்டைத் தேடிக் கண்டுபிடித்து அதிலேயே மறுபடி மறுபடி ஏறி நின்று பூரித்துப்போனார். அத்தை மட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு மோட்டார் அறையின் சிமெண்டுத் தரைக்குப் போனாள். குறைவாகக் காட்டும் இடத்தை விட்டுவிட்டுக் கூடக் காட்டும் இடத்துக்குப் போகிறவளை என்னவென்று சொல்வது? ஏறி நின்று குனிந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுப்பு மூட்டியதும் குழப்பம் இன்னும் கூடியது. சந்தையில் மலிவாகக் கிடைத்த சுரைக்காயையும் முள்ளங்கியையும் நறுக்கிப் போட்டுவிட்டு, காய் வெந்த தண்ணீரை யாரும் கொட்டக் கூடாது, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது, ரசத்துக்கு ஆகும் என்று அத்தை எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா மூன்று கல் கூட்டி, அப்பாவுக்கென்று ஒரு சின்னச் சட்டியில் அதே காயை உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தென்னை மூட்டில் வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

“கொட்டாதம்மா. சத்தெல்லாம் அதுலதான் இருக்காம்.”

“உங்கப்பாவுக்கு அந்தச் சத்து ஆகாது. நீ போயி வெளையாடு.”

சத்து ஆகாத உடம்பு ஒன்று உண்டு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தார். பருத்தவளுக்குச் சோறு கூடாது, மெலிந்தவருக்குச் சத்து கூடாது. தண்ணீர்கூட அவருக்கு ஒரு குட்டி டம்ளரில்தான். மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் கொட்டியது. அதைப் பார்த்தபடி அவர் டம்ளரில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஒரு செம்பு நிறைய மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கை நீட்டுவதற்குள் அம்மா வந்து பிடுங்கிக்கொண்டாள். ஒரு மனுஷனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடவா கணக்கு என்று அம்மா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் மதியம் கூட்டத்தின் வைராக்கியம் உடைந்தது. தீப்பெட்டி வாங்கப் போகிறோம் என்று பைக்கில் கிளம்பிய இருவர், திண்டுக்கல்லுக்கே போய்ப் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து இறங்கினார்கள். எல்லோரும் அவர்களைத் திட்டினார்கள், திட்டிக்கொண்டே இலை போட்டு உட்கார்ந்தார்கள். மணல் மேட்டு மாமா முதல் ஆளாக உட்கார்ந்தார். அத்தை தன் இலையில் சாமைச் சோற்றை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அப்பா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அவர் அதைத் தொடவே கூடாது என்பதுவரை எனக்குத் தெரியும். அதிலிருந்து நல்ல கறித்துண்டாக ஒன்றை எடுத்து அத்தையின் இலையில் வைத்தார். எங்கள் வீட்டில் கறி எடுத்த நாளெல்லாம் முதல் துண்டை அப்பா தங்கைக்குத்தான் வைப்பார். அண்ணன் கையால் வைத்ததை அத்தை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

“சாப்புடு” என்றார்.

“வேணாம்ணே.”

“நான் வைக்கிறேன்ல. எனக்காக நீ வயித்தக் காயப்போட வேணாம். இத்தோட விட்ரு.”

அத்தை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இம்புட்டுத் தூரம் வந்துட்டேன். இன்னும் கொஞ்சந்தாண்ணே” என்றாள். பிறகு அதை எடுத்து, பக்கத்திலிருந்த என் இலையில் வைத்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் மற்றவர்கள் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். அப்பா எழுந்து, எதுவுமே சாப்பிடாத கையை நெடுநேரம் தொட்டியில் கழுவினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றாள். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது. கறி எனக்கு வந்ததில்தான் எல்லோருக்கும் வருத்தம் என்று நினைத்து, யாராவது திரும்பக் கேட்பதற்குள் அவசர அவசரமாகத் தின்று முடித்தேன். இன்றைக்கு அத்தை அந்தத் துண்டைப் பார்த்த பார்வையை நினைத்தால் எனக்குக் கறியில் கை போகாது. அன்றைக்கு எலும்பைக்கூட விடவில்லை.

அதன்பிறகு அப்பாவும் அத்தையும் ஒரே சமயத்தில் மதுரைக்குப் போனார்கள். இருவருக்கும் வயிற்றுவலி என்று சொல்லி, என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். வெகுநாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். ஒரு மதியம், அப்பா அடுக்களையில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். கழுத்தில் வழிந்து சட்டை நனைந்தது. அம்மா தடுக்கவில்லை. அத்தை கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குடித்து முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து போய், செம்பை வாங்கி மறுபடி நிறைத்துக் கொடுத்தாள்.

ஒருவர் தண்ணீர் குடிப்பதில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு மெலிந்த பிறகும் அந்த டாக்டர் மாப்பிள்ளை ஏன் பெண் பார்க்க வரவில்லை என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.