பாதி ரேஸ்

ஏரியூர்ப் பக்கமிருந்து அணைத் தண்ணீரைத் தாண்டி, அக்கரைப் பள்ளிக்கு ஆசிரியராக இரண்டு வருடம் டீசல் படகில் போய்வந்தேன். படகோட்டிக்கு நரைத்த மீசை, தூக்கம் தீராத கண்கள். காய்ச்சல் பார்ப்பதுபோல இன்ஜின் மூடிமேல் எப்போதும் ஒரு கையை வைத்திருப்பார். பாதிக்கு மேல் ரேஸ் கொடுக்கவே மாட்டார்.

ஒருநாள் பள்ளிக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றேன்.

"இதுக்கு மேல ரேஸ் குடுத்தா டீசல்தான் போவுங்க சார், படகு போவாது."

சொன்னதோடு முழு ரேஸ் கொடுத்தும் காட்டினார். புகையும் இரைச்சலும்தான் கூடின. கரை முன்போலவே மெதுவாகத்தான் வந்தது.

அடுத்த மாதம், பாம்பு கடித்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். படகோட்டி புறப்பட்டதுமே முழு ரேஸ் கொடுத்தார். அக்கரை சேரும்வரை குறைக்கவில்லை. காத்திருந்த ஆம்புலன்ஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. குழந்தை பிழைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ரேஸ் குடுத்தாலும் படகு போவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று ஆம்புலன்ஸ் போனதும் அவரைக் கேட்டேன்.

"போவாதுதாங்க சார்." சூடேறிய மூடியிலிருந்து கையை எடுக்காமல் களைப்பாகச் சொன்னார். "மெதுவா போறோம்னு அந்தம்மா நெனச்சிரக் கூடாதில்லைங்களா."