நாலு பல்பும் மூன்று பவுண்டுப் பிள்ளையும்

உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஹைஸ்கூலில் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் அதே சயன்ஸில், அதுவும் கரண்ட் பாடத்தில்... நான் ஃபெயில்!

எங்கள் ஊர்ப் பிரசவ விடுதியில் என் தங்கை செல்லத்துக்கு எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. மூன்று பவுண்டு. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனால் மார்கழிக் குளிர் தாங்காது என்றார் நர்ஸ் மேரியம்மா. ஒரு பலகைப் பெட்டியில் பஞ்சு பரப்பிப் பிள்ளையைக் கிடத்தினார். பெட்டிக்குள்ளேயே ஒரு தடுப்பு; அதற்கு மறுபக்கம் நாற்பது வாட் பல்பு இரண்டு. உள்ளே தெர்மாமீட்டர். ஃபாரன்ஹீட்டில் தொண்ணூறு டிகிரி நிற்க வேண்டும். இறங்கினால் பிள்ளை தங்காது.

காலை ஆறு மணி வரை நின்றது. ஆறு மணிக்கு வயல் கிணறுகளில் பம்புசெட்டைப் போட ஆரம்பித்தார்கள். பல்பு மங்கியது.

"சார், எம்பத்தஞ்சுக்கு வந்துருச்சு. ஒங்க படிப்புல இதுக்கு வழி இருக்குங்களா?" என்று கேட்டார் மேரியம்மா.

இல்லாமலா? ரேடியோ ரிப்பேர்க் கடை சுலைமான் பாயை அழைத்துவந்து மீட்டர் வைத்தேன். இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய இடத்தில் நூற்று அறுபது. அதாவது நூற்றுக்கு எழுபது. அப்படியானால் சூடும் நூற்றுக்கு எழுபது — இன்னொரு பல்பு போட்டால் தீர்ந்தது! போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டேன்.

கால் மணி நேரம் போயிற்று. எண்பத்து நாலு.

"கணக்கு சரிதாங்க..." என்று இழுத்தேன்.

மேரியம்மா என் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டார். "கணக்கு கெடக்கட்டும். பிள்ளை காலைத் தொட்டுப் பாருங்க."

ஜில்லென்று இருந்தது. "அண்ணே, என்னண்ணே ஆச்சு?" என்று கட்டிலிலிருந்து செல்லம் கேட்டாள். பயந்துவிட்டேன்.

மருந்துச் சீட்டின் பின்புறத்தில் முதலிலிருந்து கணக்குப் போட்டேன். வோல்ட்டையும் கரண்ட்டையும் பெருக்கினால் வாட். வோல்ட் குறைந்தால், அதே பல்புக்குள் ஓடும் கரண்ட்டும் கூடவே குறையும். எழுபதிலும் நூற்றுக்கு எழுபது பங்கு... நாற்பத்தொன்பது! நாற்பது வாட் பல்பு ஏறக்குறைய இருபதுதான் தருகிறது. வோல்ட்டை மாற்றிவிட்டுப் பழைய கரண்ட்டையே வைத்துப் பெருக்கும் பையன்களின் காதை எத்தனை முறை திருகியிருக்கிறேன்?

"பாய், நாலாவது பல்பு!"

போட்டோம். எண்பத்தாறு... எண்பத்தெட்டு... எனக்கு மூச்சு வந்தது. அப்போது பாய் மெதுவாகக் கேட்டார்: "சார், பம்புசெட்ட நிறுத்திட்டாங்கன்னா?"

வோல்ட் திரும்பினால் நாலும் சேர்ந்து நூற்று அறுபது வாட். பிள்ளை வெந்துபோகும். வயலில் யார் எப்போது நிறுத்துவார்கள் என்று யாருக்குத் தெரியும்? சுவிட்சில் கையை வைத்து, மீட்டர் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். யாரோ கொண்டுவந்த காபி ஆறி ஆடை கட்டியது. ஒன்பதரை மணிக்கு முள் துள்ளியது. இரண்டு பல்பை அணைத்தேன்.

"தொண்ணூறு" என்றார் மேரியம்மா.

பெட்டிக்குள்ளிருந்து பூனைக்குட்டி போல ஓர் அழுகை. நானும் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

பிள்ளை இப்போது நாலரை பவுண்டு. நேற்று பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். பாதி வகுப்பு என் தப்பையே அச்சாகச் செய்திருக்கிறது. நானே செய்த தப்புக்குப் பையன்களுக்கு முட்டை போடலாமா? ரொம்ப நேரம் யோசித்தேன்.

போட்டேன். எல்லாருக்கும்... பெரிதாகவே!