பாட்டுக்குள் வந்த மதுரை

போன குளிர்காலத்தில், ஆக்லாந்தில் நான் வேலை செய்யும் மருத்துவமனையில் நடந்தது இது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பேச வைப்பது என் வேலை. சொந்த ஊர் மதுரை. இங்கே வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இந்த வேலையில் என்னை விஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தச் சமயத்தில் ஒரு பெரியவர் எங்கள் வார்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய பெரிய காசினோ அரங்குகளில் பாடிப் பெயர் பெற்றவர். வயதானபின் இங்கே ஆக்லாந்தில், ஹென்டர்சன் பகுதியில் இருக்கும் மகளோடு வந்து தங்கிவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயைத் திறந்தால் 'நோ' மட்டும்தான் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'நோ', வேண்டாமென்றாலும் 'நோ'. சொல்லிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொள்வார்.

மகள் தன் போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினார். மேசைக்கு மேசை குட்டி விளக்கு, நகை மின்னும் பெண்கள், சிகரெட் புகை, பின்னால் பெரிய வாத்தியக் குழு. கறுப்பு சூட்டில் அவர் மெதுவாக நடந்து வருகிறார். பாடுகிற மாதிரியே இல்லை, எதிரில் இருப்பவரிடம் ரகசியம் சொல்கிற மாதிரி இருந்தது. அவர் பாடும் நேரத்தில் வெளியே சீட்டு மேசைகள் காலியாகிவிடுமாம். அப்படியும் முதலாளிகள் அவரைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பேச்சு போனாலும் பலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் திரும்பக் கொண்டுவர ஒரு முறை உண்டு. கட்டிலருகே உட்கார்ந்து, அவர் இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டி, அவர் பாட்டையே முணுமுணுத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. முன்னேற்றம் இல்லாவிட்டால் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. மகள் வேலைக்குப் போகிறவர். வாய் பேச முடியாத அப்பாவைத் தனியே விட்டுப்போக அவருக்குப் பயம்.

வார்டில் ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் உண்டு. அவளிடம் புலம்பினேன்.

"அக்கா, அந்த மனிசன் பைஜாமாவோட படுத்துக்கொண்டு பாடுவாரோ? வீடியோவில எப்பிடி நடந்து வாறார் எண்டு பாத்தனீங்கள்தானே."

"அதுக்கு? ஆர்க்கெஸ்ட்ராவையா கூட்டிட்டு வர முடியும்?"

"ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், சனம் போதும். மற்ற நோயாளிகளைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிடுவம்."

ஒரு மதியம் அதையே செய்தோம். திரைகளை இழுத்துவிட்டு மேசை விளக்குகளை ஏற்றினோம். மகள் அவருக்குச் சவரம் செய்து, கறுப்புக் கோட் போட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல விரியும் பட்டு டை கட்டிவிட்டார். சக்கர நாற்காலி வாசலுக்கு வந்ததும் பெரியவர் இடது கையைத் தூக்கி நிறுத்த வைத்தார். எழுந்து நடந்துதான் வருவாராம்! இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே எல்லோரும் கைதட்டினார்கள்.

மகள் பாட்டின் பின்னணி இசையைப் போட்டார். தொடங்க வேண்டிய இடம் வந்தது, போய்விட்டது. அவர் வாய் திறக்கவில்லை. மகள் இசையை நிறுத்தப் போனார். அவர் விரலைச் சுழற்றி, முதலிலிருந்து என்று சைகை காட்டினார். இரண்டாவது முறை பாடினார். குரல் மெலிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து விழுந்தது.

நடுவில் இசை மட்டும் ஓடியபோது, முன் மேசையில் இருந்த என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்க எந்த ஊர்?"

தூக்கிவாரிப்போட்டது. "மதுரை" என்றேன்.

உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். பிறகு "மதுரை" என்றார். அடுத்த அடி வந்ததும், பாட்டில் வேறு ஏதோ ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் மதுரையை வைத்துப் பாடினார். அறை முழுக்கச் சிரிப்பு, கைதட்டல்.

அந்தக் காலத்து அரங்குகளில் தினமும் அப்படித்தான் செய்வாராம். ஒரு மேசைக்குப் போய் ஊரைக் கேட்டு அதைப் பாட்டில் நுழைத்துவிடுவாராம். மகள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்தக் கேள்வி பழக்கத்தில் வந்தது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் மதுரை அவருடைய எந்தப் பாட்டிலும் இல்லாத பெயர். காதால் கேட்டு, மனதில் பிடித்து, வாயால் சொன்ன புதுச் சொல் அது! நர்ஸின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"அக்கா, அழாதேங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்றாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

அதன்பிறகு வாரத்துக்கு வாரம் அதே அறையில் கச்சேரி. சொற்கள் ஒன்றிரண்டாகத் திரும்பின. முழுப் பேச்சும் வரவில்லை, ஆனால் தேநீர் வேண்டும், கால் வலிக்கிறது என்று தானே சொல்லும் அளவுக்குத் தேறி, மகள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார்.

இப்போதெல்லாம் புதிதாக ஒரு நோயாளி வந்தால், என் பயிற்சி அட்டைகளை எடுப்பதற்கு முன்னால், அந்தப் பெரியவருக்குச் சனம் மாதிரி, இவர் இத்தனை காலம் யாரிடம் ஆசையாகப் பேசினார் என்று வீட்டாரிடம் கேட்டு, முதலில் அந்த ஆளை உள்ளே கூப்பிடுகிறேன்.